ஃபெயிலாக்கினால் பிள்ளைக்கு என்ன ஆகிறது? கணக்கிட உதவும் ஆர்டிரோபஸ்ட் பற்றி ஒரு மதிப்புரை

பள்ளிக்கூடத் தரவுகளை வைத்துக் கணக்குப் போடுவது என் வேலை. படிப்பில் பின்தங்கிய பிள்ளையை அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்கார வைப்பதால் அந்தப் பிள்ளைக்கு நன்மையா கெடுதலா என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னைவிட்டு அகலவில்லை. இதற்கு விடை தேட நான் வழக்கமாகக் கையில் எடுப்பது ஆர்டிரோபஸ்ட் என்ற மென்பொருள் தொகுப்பு. செபாஸ்டியன் கலோனிகோ, மத்தியாஸ் கட்டானியோ, மேக்ஸ் ஃபாரெல், ரோசியோ டிட்டியூனிக் ஆகியோர் எழுதியது. ஆர், ஸ்டேட்டா, பைத்தான் என்ற மூன்று கணினிச் சூழல்களிலும் ஓடும். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு இதைவிட நாணயமான கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் அது எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் எடுத்துப் பயன்படுத்தினால், சரியாக வந்த எண்ணைத் தவறான பிள்ளையின் தலையில் கட்டிவிடுவோம்.

இப்படி ஒரு கருவி ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொன்னால்தான் அதன் அருமை விளங்கும். ஃபெயிலான பிள்ளைகளையும் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளையும் அப்படியே ஒப்பிட்டால் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். ஃபெயிலானவர்கள் பிற்காலத்திலும் பின்தங்கியிருப்பார்கள். அதற்குக் காரணம் நிறுத்திவைத்ததா, ஏற்கெனவே இருந்த பின்னடைவா என்பதை அந்த ஒப்பீடு சொல்லாது. ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் ஒருவரை மட்டும் ஆசிரியர் நிறுத்திவைத்திருந்தால், மதிப்பெண் பட்டியலில் தெரியாத எதையோ அந்த ஆசிரியர் கண்டிருக்கிறார் என்றுதான் பொருள். வீட்டில் பிரச்சினை, அடிக்கடி விடுப்பு, எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது தடுமாறுவது, இப்படி எதுவாகவும் இருக்கலாம். கிரெக் ஜாக்சன் 1975 இலேயே அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று எழுதினார். 1989 இல் ஹோம்ஸ் 63 ஆய்வுகளைத் தொகுத்தபோது அவற்றில் 54 நிறுத்திவைப்பது கெடுதல் என்றன. அந்த 54 என்ற எண்ணைப் பல ஆண்டுகள் எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை யாரை யாரோடு ஒப்பிட்டன என்று பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. 2021 இல் கூஸும் உடன் ஆய்வாளர்களும் முறையாக ஒப்பிட்ட 84 ஆய்வுகளை மட்டும் எடுத்துக் கூட்டிப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. பூஜ்யம் என்றால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று பொருளல்ல. சிலருக்கு நன்மை, சிலருக்குக் கெடுதல், இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று அடித்துவிட்டன.

இங்கேதான் கட்-ஆஃப் கைகொடுக்கிறது. தேர்வில் இத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் அதே வகுப்பு என்று விதி இருக்கும் இடத்தில், ஒரு மதிப்பெண் குறைந்த பிள்ளையும் ஒரு மதிப்பெண் கூடிய பிள்ளையும் படிப்பில் ஏறக்குறைய சமம். அன்றைக்கு வந்த காய்ச்சல், ஊகித்து எழுதிய ஒரு விடை, அவ்வளவுதான் இருவருக்கும் இடையில் உள்ள தூரம். ஆனால் ஒருவர் மேல் வகுப்புக்குப் போகிறார், மற்றவர் போகவில்லை. இந்தக் கட்-ஆஃப் கோட்டின் இருபுறமும் நிற்பவர்களைச் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டால், அந்த வேறுபாட்டை நிறுத்திவைத்ததன் கணக்கில் எழுதலாம். திசில்த்வெயிட்டும் கேம்பலும் 1960 இல் உதவித்தொகைப் போட்டி ஒன்றில் சான்றிதழ் பெற்றவர்களை ஆராய இதே யோசனையைக் கையாண்டார்கள். வகுப்பில் நிறுத்திவைப்பதற்கு இதைப் பொருத்திய ஆய்வுகள் பிற்பாடுதான் வந்தன. சிகாகோவில் 1996 இலும் ஃபுளோரிடாவில் 2002-03 கல்வியாண்டிலும் மதிப்பெண்ணைக் கொண்டு நிறுத்திவைக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தது அதற்கு வழிவகுத்தது.

யோசனை எளிது, கணக்கு எளிதல்ல. கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருப்பவர்களை எடுப்பது? மிக அருகில் என்றால் ஆட்கள் போதாது. தள்ளிப் போனால் இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மாதிரியானவர்கள் என்ற பேச்சே அடிபட்டுவிடும். முன்பெல்லாம் இந்த அகலத்தை ஆய்வாளர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வார். ஐந்து மதிப்பெண் வைத்தால் நன்மை, பத்து வைத்தால் கெடுதல் என்று வந்தால், மனத்துக்குப் பிடித்ததை அறிக்கையில் போட்டுவிடும் சபலம் யாருக்கும் வரும். ஆர்டிரோபஸ்ட் அந்தச் சபலத்துக்குக் கதவைச் சாத்துகிறது. அகலத்தைத் தரவிலிருந்து அதுவே தேர்ந்தெடுக்கிறது. கோட்டுக்கு அருகில் உள்ளவர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து இரு பக்கமும் ஒவ்வொரு நேர்கோடு பொருத்துகிறது. அவை கட்-ஆஃப்பைத் தொடும் இடத்தில் எவ்வளவு இடைவெளி என்று சொல்கிறது. நாம் தர வேண்டியவை தரவுக் கோப்பின் இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) மட்டுமே: பிற்கால விளைவு, தேர்வு மதிப்பெண்.

திரையில் வரும் அட்டவணை சிறியது. அதில் நான் முதலில் பார்ப்பது விளைவை அல்ல, எத்தனை பேர் கணக்கில் சேர்ந்தார்கள் என்ற வரியை. மேலே மொத்த எண்ணிக்கை இருக்கும், அதற்குக் கீழே இடப்பக்கமும் வலப்பக்கமும் உண்மையில் பயன்பட்டவர்களின் எண்ணிக்கை தனியாக இருக்கும். ஒரு லட்சத்துக்கு மேல் மாணவர்கள் உள்ள கோப்பைக் கொடுத்தால், பயன்பட்டவர்கள் சில ஆயிரம் பேர்தான் என்று கூசாமல் காட்டும். 'லட்சக்கணக்கான மாணவர்களை ஆராய்ந்த ஆய்வு' என்று தலைப்புப் போட ஆசைப்படும் அதிகாரிகளுக்கு இந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டினாலே போதும்.

அதற்கடுத்து விளைவு இரண்டு வரிகளாக வரும். ஒன்று வழக்கமான மதிப்பீடு, இன்னொன்று ரோபஸ்ட் என்ற திருத்தப்பட்ட வரி. இந்தத் தொகுப்பின் உயிர் அந்த இரண்டாம் வரியில் இருக்கிறது. மதிப்பீட்டுக்கு உகந்ததாகத் தேர்ந்தெடுக்கப்படும் அகலம் சற்றே பெரியது. வளைந்த உறவுக்கு நேர்கோடு போடுவதால் வரும் சாய்வு (விடை ஒரு பக்கமாக விலகும் பிழை) அதில் கொஞ்சம் தங்கிவிடும். வழக்கமான நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விளைவு இருக்கக்கூடிய எல்லை, அந்தச் சாய்வைக் கண்டுகொள்ளாது, இருக்க வேண்டியதைவிடக் குறுகலாக வந்து பொய்யான தைரியத்தைக் கொடுக்கும். சாய்வை மதிப்பிட்டுக் கழித்து, அப்படி மதிப்பிட்டதில் உள்ள ஐயத்தையும் சேர்த்து இடைவெளியை விரிப்பதுதான் ரோபஸ்ட் வரி. கலோனிகோ, கட்டானியோ, டிட்டியூனிக் மூவரும் 2014 இல் எகனாமெட்ரிகா இதழில் இதை நிறுவினார்கள். விளைவை முதல் வரியிலிருந்தும் இடைவெளியை ரோபஸ்ட் வரியிலிருந்தும் எடுத்து எழுத வேண்டும். மதிப்பீடு இடைவெளியின் நட்டநடுவில் இல்லையே என்று முதன்முறை பார்ப்பவர்கள் பதறுவார்கள். பதற வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும்.

இனி நிறுத்திவைப்பு ஆய்வில் மட்டும் வரும் ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கையேடு இதைப் பற்றித் தனியே பேசுவதில்லை, ஆனால் இதில் சறுக்கிய அறிக்கைகளை நான் திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். கட்-ஆஃப்புக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் ஏதோ ஒன்று நடக்கிறது என்று ஆர்டிரோபஸ்ட் எடுத்துக்கொள்கிறது. உதவித்தொகைக்கு அது பொருந்தும். ஃபெயிலாவதில் நடப்பது கோட்டுக்குக் கீழே. அதனால் மென்பொருள் 'கூடுதல்' என்று காட்டுவது தேர்ச்சி பெற்றவர்களுக்கான கூடுதல். நிறுத்திவைத்ததன் விளைவு வேண்டுமென்றால் கூட்டல் கழித்தல் குறியைத் திருப்பிப் படிக்க வேண்டும். பலர் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்கிறார்கள்: கட்-ஆஃப்பைக் கழித்த மதிப்பெண்ணை மைனஸ் ஒன்றால் பெருக்கிவிட்டால் ஃபெயிலானவர்கள் மேலே வந்துவிடுவார்களே என்று. வருவார்கள். ஆனால் சரியாகக் கட்-ஆஃப் மதிப்பெண்ணே எடுத்துத் தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தை மைனஸ் ஒன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். கட்-ஆஃப்பில் இருப்பவர்களையும் மேல் பக்கத்தில் சேர்ப்பது இந்த மென்பொருளின் விதி. ஆக, சரியாகக் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் எல்லோரும் சத்தமில்லாமல் ஃபெயிலானவர்களின் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். மதிப்பெண் முழு எண்ணாக இருக்கும் தேர்வில் அந்த ஒரே மதிப்பெண்ணில் ஒரு பெருங்கூட்டமே இருக்கும். அவர்கள்தான் கோட்டுக்கு மிக அருகில் இருப்பவர்கள், அதனால் கணக்கில் அவர்களுக்குத்தான் அதிக எடை. விளைவு பாதியாகச் சுருங்கினாலும் வியப்பதற்கில்லை. மதிப்பெண்ணைத் திருப்பாமல் விட்டுவிட்டு, விடையின் குறியை மட்டும் மனத்தில் திருப்பிக்கொள்ளுங்கள். நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

விதி எல்லோர் மீதும் ஒரே மாதிரி பாயாத இடத்தில் இந்தக் குறித் தொல்லை தானாகவே தீர்ந்துவிடும். ஃபுளோரிடாவில் வாசிப்புத் தேர்வில் இரண்டாம் நிலையை எட்டாத மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள், சில வகை மாற்றுத்திறன் குழந்தைகள், வேறு வழியில் வாசிப்புத் திறனைக் காட்டியவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. கோட்டுக்குக் கீழே இருந்தும் மேல் வகுப்புக்குப் போனவர்கள் நிறையப் பேர். இப்படிப்பட்ட நிலைக்கு ஃபஸ்ஸி என்று ஒரு தெரிவு இருக்கிறது. உண்மையில் நிறுத்தப்பட்டாரா இல்லையா என்ற பத்தியையும் கொடுத்தால், விளைவில் வந்த தாவலை நிறுத்திவைப்பு விகிதத்தில் வந்த தாவலால் வகுத்துத் தருகிறது. இரண்டுமே ஒரே திசையில் அளக்கப்படுவதால் குறி நேராக வந்துவிடும். முதல்நிலை என்று தனியாகக் காட்டும் அட்டவணையைப் பார்க்காமல் தாண்டிவிடாதீர்கள். கோட்டைத் தாண்டும்போது நிறுத்திவைப்பு விகிதம் பெரிதாக மாறவில்லையென்றால், வகுத்து வந்த எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

படம் வரையும் ஆர்டிபிளாட் கட்டளையை நான் அரைமனத்தோடுதான் பரிந்துரைப்பேன். புள்ளிகளைச் சிறு சிறு கூறுகளாகச் சராசரி எடுத்துக் காட்டுவது கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதன் மேல் தானாக வரையும் கோடு நான்காம் படிப் பல்லுறுப்புக்கோவை, அதுவும் தரவு முழுவதற்கும் சேர்த்து. விளிம்புகளில் அது வாலை ஆட்டும். அட்டவணையில் சிறிய விளைவும் படத்தில் பெரிய தாவலும் வந்து கூட்டத்தில் குழப்பம் விளைந்ததைப் பார்த்திருக்கிறேன். அகலத்தைக் குறுக்கி, படியை ஒன்றாக வைத்து வரைந்தால் படமும் அட்டவணையும் ஒரே கதையைச் சொல்லும்.

மதிப்பெண்கள் முழு எண்களாகக் குவிந்திருந்தால் மென்பொருள் 'மாஸ் பாயின்ட்ஸ்' இருக்கின்றன என்று எச்சரிக்கை ஒன்றைத் தரும், தானே ஓரளவு சரிசெய்தும் கொள்ளும். பலர் அந்த எச்சரிக்கையை அணைத்துவிடுகிறார்கள். அதைப் படிக்க வேண்டும் என்பதற்கு உருகுவே ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நடுநிலைப் பள்ளியில் மூன்று பாடங்களுக்கு மேல் தவறினால் அந்த ஆண்டே போய்விடும் என்று விதி இருந்தது. அந்த விதியை வைத்து மார்கோ மனகோர்தா 2012 இல் வெளியிட்ட ஆய்வு, தவறியவர்கள் பெருமளவில் பள்ளியைவிட்டு நின்றுவிடுகிறார்கள் என்றும், நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களுடைய படிப்பு குறைவாகவே இருக்கிறது என்றும் காட்டியது. அங்கே கோட்டின் அளவுகோல் தவறிய பாடங்களின் எண்ணிக்கை: இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இவ்வளவு சில மதிப்புகளே உள்ள இடத்தில் அகலம் தேர்ந்தெடுப்பது என்பதற்கே பொருளில்லை. அப்படிப்பட்ட தரவுக்கு இதே குழுவினரின் ஆர்டிலோக்ரேண்ட் என்ற இன்னொரு தொகுப்பு இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு துணைத் தொகுப்பான ஆர்டிடென்சிட்டியை ஓட்டாமல் எந்த அறிக்கையையும் நான் கையெழுத்திட்டு அனுப்புவதில்லை. கோட்டுக்குச் சற்றுக் கீழே ஆட்கள் குறைந்து, சற்று மேலே குவிந்திருக்கிறார்களா என்று அது பார்க்கும். இரக்கமுள்ள ஆசிரியர் யாரும் ஒரு மதிப்பெண்ணில் பிள்ளையை விட்டுவிட மனம் ஒப்ப மாட்டார். நியூயார்க்கில் ரீஜென்ட்ஸ் என்ற உயர்நிலைப் பள்ளித் தேர்வின் தாள்களை அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே திருத்திய காலத்தில், தேர்ச்சி மதிப்பெண்ணான 65 இல் பெருங்குவியலும் அதற்குச் சற்றுக் கீழே பள்ளமும் இருந்ததைத் தாமஸ் டீயும் உடன் ஆய்வாளர்களும் எடுத்துக் காட்டினார்கள். யார் தூக்கிவிடப்பட்டார்கள், யார் விடப்பட்டார்கள் என்பது தற்செயலல்ல. ஆசிரியருக்கு நம்பிக்கை இருந்த பிள்ளை மேலே போயிருக்கும். அப்புறம் இருபுறமும் சமம் என்று எப்படிச் சொல்வது?

விடுபட்ட தரவைப் பற்றி ஒரு சொல். பிற்கால மதிப்பெண் இல்லாத பிள்ளைகளை ஆர்டிரோபஸ்ட் ஒன்றும் சொல்லாமல் விலக்கிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்கும். நிறுத்திவைப்பு ஆய்வில் மதிப்பெண் இல்லை என்பதே பெரிய செய்தி. பள்ளியைவிட்டு நின்ற பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியிருக்காது. நின்றுபோனவர்கள் ஒரு பக்கத்தில் அதிகம் என்றால், மிச்சமிருப்பவர்களின் சராசரி உயர்ந்து, நிறுத்திவைத்தது நல்லதாகிவிட்டது போலத் தோற்றம் தரும். ஆகவே 'மதிப்பெண் இருக்கிறதா, இல்லையா' என்பதையே விளைவாகக் கொடுத்து முதலில் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். அங்கே தாவல் தெரிந்தால், அறிக்கையில் முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.

இவையெல்லாம் கருவியைக் கையாளும் விதம். கருவி தொடவே முடியாத ஒரு முடிவு இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது: நிறுத்திவைத்த பிள்ளையை எப்போது ஒப்பிடுவது? இருவரும் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது ஒப்பிட்டால், நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு ஒரு வயது கூடுதல், ஓர் ஆண்டுப் படிப்பும் கூடுதல். மதிப்பெண் கூடினால் அது ஓர் ஆண்டு கூடுதலாகப் பள்ளிக்கூடத்தில் இருந்ததன் பலனாகவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே வயதாகும்போது ஒப்பிட்டால், ஒருவர் ஐந்தாம் வகுப்புப் பாடத்தைப் படித்திருக்கிறார், மற்றவர் நான்காம் வகுப்பில் இருக்கிறார். இரு வகுப்புத் தேர்வுகளும் ஒரே அளவுகோலில் அமைந்திருந்தால்தான் அந்த ஒப்பீடே சாத்தியம். அப்போதும் கற்றுக்கொடுக்கப்படாத பாடத்துக்கு அந்தப் பிள்ளையைப் பொறுப்பாக்குகிறோம். ஆர்டிரோபஸ்ட் இரண்டுக்கும் அதே அழகான அட்டவணையைத் தரும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

ஃபுளோரிடாவில் நடந்தது இதற்குச் சான்று. ஷ்வெர்ட், வெஸ்ட், விண்டர்ஸ் மூவரும் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் தொடக்கத்தில் வாசிப்பிலும் கணக்கிலும் நன்றாக முன்னேறுகிறார்கள். ஒரே வயதில் ஒப்பிட்டால் அந்த முன்னேற்றம் ஆண்டுகள் போகப் போகக் கரைகிறது. ஒரே வகுப்பில் ஒப்பிட்டால் பத்தாம் வகுப்பு வரை கணிசமாக நிற்கிறது. உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் சராசரி கூடியது, பின்தங்கியோருக்கான பாடங்கள் எடுப்பது குறைந்தது, ஆனால் பள்ளிப் படிப்பை முடிப்பவர்களின் விகிதம் மாறவில்லை. ஒரே தரவு, ஒரே முறை. நிறுத்திவைப்பை ஆதரிப்பவர் ஒரு வரியை எடுத்துக்கொள்கிறார், எதிர்ப்பவர் அடுத்த வரியை எடுத்துக்கொள்கிறார். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடாத அறிக்கையை நம்பக் கூடாது.

ஃபுளோரிடாவில் நிறுத்தப்பட்ட பிள்ளையை வெறுமனே அதே பெஞ்சில் மீண்டும் உட்கார வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோடை வாசிப்பு முகாம், நாள்தோறும் 90 நிமிட வாசிப்புப் பயிற்சி, நல்ல செயல்திறன் உள்ள ஆசிரியர் என்று கூடவே பலவும் வந்தன. மென்பொருள் தரும் எண் இந்த முழு மூட்டைக்கும் சேர்த்து. அந்த எண்ணைக் காட்டி, பயிற்சியோ ஆசிரியரோ எதுவும் கொடுக்காமல் ஃபெயில் மட்டும் போடுவதற்கு நியாயம் தேடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

ஒரு மூத்த தலைமையாசிரியரிடம் அறிக்கை ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "சரி அம்மா, கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவனைப் பற்றிச் சொல்கிறீர்கள். என் பள்ளியில் எழுத்தே கூட்டத் தெரியாமல் அடிமட்டத்தில் இருக்கிறானே, அவனை நிறுத்தலாமா கூடாதா?"

"அவனைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்லவில்லை ஐயா."

"அப்படியென்றால் எனக்கு இது எதற்கு?"

அந்தக் கேள்வி நியாயமானது. அகலத்துக்கு வெளியே உள்ள பிள்ளைகளை மென்பொருள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஃபஸ்ஸி தெரிவைப் பயன்படுத்தினால் வட்டம் இன்னும் சுருங்குகிறது: கோட்டருகில் இருந்து, விதி எப்படிச் சொன்னதோ அப்படியே நடத்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அந்த எண். அவரிடம் நான் சொன்னது இதுதான்: கட்-ஆஃப்பை இரண்டு மதிப்பெண் ஏற்றலாமா இறக்கலாமா என்று முடிவெடுப்பவருக்கு இது நேரடியான விடை, அடிமட்டத்தில் இருக்கும் அந்தச் சிறுவனுக்குத் தேவை ஆசிரியரின் கவனமும் வாசிப்புப் பயிற்சியும். அவனை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை வேறு விதமான ஆய்வுதான் சொல்ல முடியும். ஹாங், ராடன்புஷ் இருவரும் 2005 இல் மழலையர் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்ததுபோல, தெரிந்த பின்னணித் தகவல்களையெல்லாம் திரட்டி, நிறுத்தப்படும் வாய்ப்பு ஒன்றுபோல் உள்ளவர்களை ஒப்பிட வேண்டும். நிறுத்தப்பட்டவர்கள் மேலே போயிருந்தால் கூடுதலாகக் கற்றிருப்பார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த முறையில் தெரியாத பின்னணி என்ற ஓட்டை இருக்கிறது. ஆர்டிரோபஸ்டில் அந்த ஓட்டை இல்லை, ஆனால் பார்வை குறுகியது.

எந்த வயதில் நிறுத்துகிறோம் என்பதையும் அந்த ஒற்றை எண்ணில் தேட முடியாது. ஒவ்வொரு வகுப்பின் கட்-ஆஃப்புக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். சிகாகோவில் ஜேக்கப், லெஃப்க்ரென் இருவரும் அப்படிச் செய்தபோது, ஆறாம் வகுப்பில் நிறுத்தியது பள்ளிப் படிப்பை முடிப்பதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை, எட்டாம் வகுப்பில் நிறுத்தியது படிப்பைக் கைவிடுவதைக் கூட்டியது. லூசியானாவில் எரன், லவன்ஹைம், மோஜான் ஆகியோர் செய்த ஆய்வில், எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் பிற்காலத்தில் வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெறும் வாய்ப்பு அதிகரித்தது, நான்காம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தன் நண்பர்களிடமிருந்து பிரித்து, ஒரு வயது சிறியவர்களோடு உட்கார வைப்பது என்னவென்று பெற்றோர் யாரையும் கேட்டால் சொல்வார்கள். இந்த ஆய்வுகளைப் படித்த பிறகு, எட்டாம் வகுப்பில் கட்-ஆஃப் வைக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

யாருக்கு இந்தத் தொகுப்பைப் பரிந்துரைப்பேன்? தேர்வு விதியும் மாணவர் தரவும் கையில் இருக்கும் மதிப்பீட்டுப் பிரிவினருக்கும், முனைவர் பட்ட மாணவர்களுக்கும் தயங்காமல். சில ஆயிரம் பேர்கூட இல்லாத சிறிய தரவோடு வருபவர்களுக்கு வேண்டாம் என்பேன். இடைவெளி அவ்வளவு அகலமாக வரும், நன்மை கெடுதல் இரண்டும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அப்படிப்பட்டவர்கள் ஆய்வைத் தொடங்கும் முன்பே, எத்தனை பேர் தேவை என்று கணக்கிடும் ஆர்டிபவர் என்ற துணைத் தொகுப்பில் போட்டுப் பார்த்தால் வீண் உழைப்பு மிச்சம். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் கிளஸ்டர் தெரிவில் பள்ளி எண்ணைக் கொடுக்க மறக்க வேண்டாம். பெற்றோர் கல்வி, முந்தைய ஆண்டு மதிப்பெண் போன்றவற்றைத் துணை மாறிகளாகச் சேர்த்தால் இடைவெளி குறுகும். ஆனால் இருபுறமும் சமமில்லாத தரவை அது சமமாக்கிவிடாது.

உதவிக் கோப்பில் எனக்கு ஒரே ஒரு குறை. அதோடு வரும் எடுத்துக்காட்டுத் தரவு அமெரிக்க செனட் தேர்தல். வென்றவர் மேலே, தோற்றவர் கீழே. குறித் தொல்லை இல்லை, விலக்குப் பெற்றவர்கள் இல்லை, வாக்கு விகிதம் என்பதால் முழு எண் குவியலும் இல்லை. அதை வைத்துக் கற்றுக்கொண்டவர்கள் மறுநாளே பள்ளித் தேர்வுத் தரவோடு உட்கார்ந்தால் மேலே சொன்ன ஒவ்வொன்றிலும் இடறுவார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் நிறுத்தப்படும், விலக்குகள் உள்ள, சிலருக்குப் பிற்கால மதிப்பெண்ணே இல்லாத ஒரு பள்ளித் தரவை அடுத்த பதிப்பில் சேர்த்தால், அட்டவணையைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் கல்வித் துறைகளில் இன்னும் பலர் கிடைப்பார்கள்.